ஆங்கிலத் தொடர்காலங்களும் தமிழின் 'கொண்டிரு'வும்: ஒரு நோக்கு

இலங்கையிலே ஆங்கிலம் கற்கத் தொடங்கும் தமிழ் மாணவனுக்கு இலக்கண வகுப்பில் வழங்கப்படும் சமன்பாடு ஒன்றுண்டு. ஆங்கில வினையின் ஈற்றில் 'இங்' வந்து, அதன் முன்னே 'இஸ்' என்பதோ 'ஆர்' என்பதோ நின்றால், தமிழில் 'கொண்டிருக்கிறான்' எனல் வேண்டும். 'வாஸ்' நின்றால் 'கொண்டிருந்தான்' எனல் வேண்டும். கரும்பலகையின் இடப்புறத்தில் ஆங்கில வடிவம், வலப்புறத்தில் தமிழ் வடிவம், நடுவே சமக்குறி. முன்னையது தொடர்நிகழ்காலம், பின்னையது தொடரிறந்தகாலம் என்று பெயரிட்டதும் பாடம் முடிந்துவிடுகின்றது. இச்சமன்பாடு பாதி உண்மை என்பதும், எஞ்சிய பாதி ஆங்கிலத்துக்கு மட்டுமன்றித் தமிழுக்கும் ஊறு செய்கின்றது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

இஃது இலக்கணகாரருக்கு மட்டும் உரிய சிறு வழக்கன்று. 1960களில் பேராதனையின் கலைப்பீடத்தில் தமிழும் சிங்களமும் போதனாமொழிகளான பின்னர், ஆங்கிலம் பாடமாகவும் நூலகத் திறவுகோலாகவும் மாறியது. அதனோடு மாணவரைத் தரம் பிரிக்கும் கருவியாகவும் நிலைத்தது. சிங்கள மாணவர் அதற்கு வைத்த பெயர் 'கடுவ', அதாவது வாள். ஆங்கிலத் துறையைச் சேர்ந்த திரு கந்தையா 1984இல் வெளியான தமது கட்டுரை ஒன்றுக்கு அச்சொல்லையே தலைப்பாக்கி, அவ்வாளின் கூர்மையை ஆராய்ந்தார். வாள் பெரும்பாலும் எங்கே வெட்டுகின்றது என்று நோக்கினால், கருத்திலன்று. உச்சரிப்பிலும் வினைவடிவிலுமே வெட்டுகின்றது. கருத்தரங்கில் ஒரு மாணவி எழுந்து, தனக்கு ஓர் ஐயம் உண்டு என்பதை 'ஐ ஆம் ஹேவிங் அ டவுட்' என்று தொடங்கினால், ஐயம் யாது என்று கேட்கப்படும் முன்னரே பின்வரிசையில் சிரிப்பொலி எழுகின்றது. அவள் அதன்பின் அவ்வாண்டு முழுவதும் வாய் திறப்பதில்லை.

இத்தகைய வழுக்களுக்குக் காரணம் கேட்டால் 'தாய்மொழியின் தலையீடு' என்ற ஆயத்தமான விடை கிடைக்கும். அவ்விடையைச் சற்றுப் பரிசோதித்துப் பார்ப்போம். 'ஐ ஆம் நோயிங்' என்பது எள்ளி நகையாடப்படும் வடிவங்களுள் முதலிடம் பெறுவது. அறிதல், விரும்புதல், உடைமை முதலிய நிலைவினைகளை ஆங்கிலம் பொதுவாகத் தொடர்காலத்தில் வழங்குவதில்லை என்பது விதி. தமிழ் வழங்குகின்றதா? 'எனக்கு அது தெரிந்துகொண்டிருக்கிறது' என்று எந்தத் தமிழனும் கூறான். 'தெரியும்' என்பது காலங்காட்டி விகற்பம் அற்றதொரு வினை. நான்காம் வேற்றுமையோடு வந்து அமைதியாக நிற்பது. சிங்களத்திலும் 'தன்னவா' என்பதே வழக்கு. அதனை இரட்டித்துத் தொடர்வினையாக்குவார் இலர். ஆகவே தாய்மொழி இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது அநீதியாகும். இவ்விடயத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

அவ்வாறாயின் வழு எங்கிருந்து வந்தது? மேற்குறித்த சமன்பாடே அதன் ஊற்று என்பது எமது துணிபு. தமிழிலே 'அறிந்துகொண்டிருக்கிறேன்', 'புரிந்துகொண்டிருக்கிறேன்' என்னும் தொடர்கள் உள்ளன. ஆனால் அவற்றில் உள்ள 'கொண்டிரு' தொடர்ச்சி குறிப்பதன்று. 'அறிந்துகொள்', 'புரிந்துகொள்' என்பன முதலில் ஒரு வினையாக இணைந்து, செயலின் பயன் செய்பவனையே சேர்வதைக் காட்டுகின்றன. அவற்றின் பின்னரே 'இரு' வந்து, முடிந்த செயலின் விளைவு இன்றும் நிலைப்பதைக் காட்டுகின்றது. 'எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்பதிலோ 'கொண்டிரு' முழுவதும் ஒரே துணைவினையாக இயங்குகின்றது. வடிவம் ஒன்று, அமைப்பு இரண்டு. சமன்பாட்டை மனனஞ்செய்தவன் வடிவத்தையே காண்கின்றான். 'புரிந்துகொண்டிருக்கிறேன்' என்பதற்கு 'ஐ ஆம் அண்டர்ஸ்ராண்டிங்' என்று விடை எழுதுகின்றான். உண்மையில் அத்தமிழ்த் தொடரின் பொருள் 'புரிந்துகொண்டேன், இப்போதும் புரிகின்றது' என்பதே. 'கற்றுக்கொண்டிருக்கிறேன்' என்னும் தொடர் இன்னும் சிக்கலானது. கற்றல் நடைபெறுகின்றது என்றும் பொருள்படும். கற்று முடித்தேன் என்றும் பொருள்படும். நேர்முகப் பரீட்சையில் இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் சிறிதன்று.

சமன்பாடு மட்டுமே காரணம் என்று கூறிவிடுதல் மிகையாகலாம். 'கொண்டிரு'வை அறியாத வடஇந்தியரும் இவ்வாறே பேசுவதாக நிசிம் எசக்கியல் தம் ஆங்கிலக் கவிதைகளிற் கேலி செய்துள்ளார். ஒரு வடிவத்தை வகுப்பில் அளவுக்கு மிஞ்சிப் பயிற்றினால் அது தன் எல்லையைத் தாண்டிப் பரவும் என்பதும் உண்மையே. ஆயினும் எமது வகுப்பறைகளில் அப்பரவலுக்கு வழி வெட்டிக் கொடுப்பது சமக்குறிதான்.

இனிச் சமன்பாட்டின் மறுபுறத்தை நோக்குவோம். ஆங்கிலத்தின் 'இங்' எங்கெல்லாம் வருகின்றதோ அங்கெல்லாம் தமிழ் 'கொண்டிரு'வை வேண்டி நிற்கின்றதா? 'ஹி இஸ் வெயறிங் அ வைற் ஷேர்ட்' என்பதைச் சமன்பாட்டின்படி பெயர்த்தால் 'அவன் வெள்ளைச் சட்டை அணிந்துகொண்டிருக்கிறான்' என்றாகும். இதைக் கேட்கும் தமிழனின் மனக்கண்ணில் ஒரு கை சட்டைக்குள்ளும் மறுகை வெளியிலுமாக ஒருவன் தோன்றுவான். ஆங்கிலம் கூறவந்ததோ 'அணிந்திருக்கிறான்' என்பதே. அமர்தலும் படுத்தலும் இத்தகையனவே. ஆங்கிலத்தில் 'சிற்றிங்', தமிழில் 'உட்கார்ந்திருக்கிறான்'. அமர்தல் என்னும் அசைவு முடிந்தது, அதன் நிலை தொடர்கின்றது என்று தமிழ் அதனை இரண்டாகப் பகுத்துக் காண்கின்றது. மாணவியின் 'ஹேவிங்'குக்கும் இங்கே ஒரு வேர் உண்டு. 'கடை வைத்திருக்கிறார்', 'கார் வைத்திருக்கிறார்' என்னும் தொடர்களில் உள்ள 'இரு'வை ஆங்கில 'இஸ்' என்று கொண்டமையால் விளைந்த வடிவம் அது. ஐயத்தைப் பொறுத்தவரையில் 'எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது' என்பதில் வரும் 'இரு'வும் அதற்குத் துணைபோயிருக்கலாம்.

பெரும்பாலான இடங்களில் ஆங்கிலத் தொடர்நிகழ்காலத்துக்குத் தமிழ் தரும் நேரிய விடை சாதாரண நிகழ்காலமே என்பது கவனிக்கப்படுவதில்லை. பஸ் நிலையத்தில் நிற்கும் நண்பனைக் கண்டால் 'என்ன செய்கிறாய்?' என்கிறோம். 'இதோ வருகிறேன்' என்கிறோம். 'நாளை யாழ்ப்பாணம் போகிறேன்' என்கிறோம். இம்மூன்றும் ஆங்கிலத்தில் 'இங்' பெறுவன. தமிழில் ஒன்றேனும் 'கொண்டிரு' பெறுவதன்று. 'நாளை யாழ்ப்பாணம் போய்க்கொண்டிருக்கிறேன்' என்று ஒருவன் கூறினால் அவனுக்கு உடல்நலமில்லை என்றே கருதுவோம். மறுதலையாக, ஆங்கிலச் சாதாரண நிகழ்காலத்தின் முதன்மையான வேலை வழக்கத்தைக் கூறுதல். அவ்வேலையைத் தமிழில் நிகழ்காலமும் செய்யும். எதிர்கால வடிவமும் செய்யும். 'தாத்தா விடியற்காலையில் எழுவார், கோப்பி குடிப்பார்' என்பது நாளைய செய்தியன்று, நாள்தோறும் நிகழ்வது. நான்கு அறைகளுள்ள வீட்டுக்கும் மூன்று அறைகளுள்ள வீட்டுக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுத்து மாணவனை நடமாட விட்டால் அவன் சுவரில் முட்டத்தான் செய்வான்.

தொடரிறந்தகாலத்தில் முட்டு மேலும் பலமாகின்றது. ஆங்கிலத் தொடர்காலத்தின் இயல்பை விளக்கிய டென்மார்க் அறிஞர் ஒற்றோ ஜெஸ்பேர்சன், அதனை ஒரு சட்டகத்துக்கு ஒப்பிட்டார். வேறொரு நிகழ்ச்சியோ கணமோ நடுவே வைக்கப்படுகின்றது; தொடர்வினை அதன் முன்னும் பின்னும் நீண்டு அதனைச் சூழ்கின்றது. 'பெரஹெரா புறப்பட்டபோது மழை பெய்துகொண்டிருந்தது' என்றால், மழை புறப்பாட்டுக்கு முன்னரே தொடங்கிப் பின்னரும் நீடித்தது. புறப்பாடு ஒரு புள்ளி, மழை அதன் சட்டகம். 1976இல் வெளிவந்த பேர்ணாட் கொம்றியின் நூல், இதனைக் காலம் என்னும் கருத்திலிருந்து பிரித்து, செயலை உள்ளிருந்து நோக்குவதா வெளியே நின்று முழுமையாக நோக்குவதா என்னும் வினைநோக்கு வேறுபாடாக நிறுவிற்று. ஆங்கிலத் தொடரிறந்தகாலம் செயலுக்குள்ளே புகுந்து நின்று நோக்குவது. அதனால்தான் அதற்கு ஒரு கணம், ஒரு பற்றுக்கோடு தேவைப்படுகின்றது.

தமிழின் 'கொண்டிருந்தான்' இச்சட்டக வேலையை நன்றாகவே செய்கின்றது. ஆனால் அத்துடன் அமைவதில்லை. 'அக்காலத்தில் அவர் வெள்ளிதோறும் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்' என்பது குறையற்ற தமிழ். இங்கே சூழப்படும் கணம் எதுவும் இல்லை. பல ஆண்டுகளாக மீள மீள நிகழ்ந்த செயல் ஒரு தொடராகக் காணப்படுகின்றது. மாணவன் இதனை 'ஹி வாஸ் கோயிங்' என்று பெயர்க்கின்றான். ஆங்கிலம் அறிந்தவர் காதில் அது அந்தரத்தில் தொங்கும் வாக்கியம். அவர் போய்க்கொண்டிருந்த வேளையில் ஏதோ நிகழ்ந்திருக்க வேண்டும், அது யாது என்று அவர் காத்திருப்பார். 'யூஸ்ட் ரு கோ' என்றோ வெறுமனே 'வென்ற்' என்றோ எழுத வேண்டிய இடம் அது. பெரியோரின் வாழ்க்கையை விவரிக்கும் மாணவர் கட்டுரைகளில் பந்திதோறும் இது வருவதற்கு இதுவே காரணம். எதிர்பாராத வகையில் இரு மொழிகளும் முற்றாக ஒன்றுபடும் இடமும் உண்டு. ஓயாது குறைகூறுபவனைச் சலிப்போடு குறிப்பிடும்போது ஆங்கிலம் 'ஓல்வேய்ஸ்' சேர்த்துத் தொடர்காலத்தை ஆளும். தமிழ் ஓர் ஏகாரத்தைச் சேர்த்து 'குறை சொல்லிக்கொண்டே இருக்கிறான்' என்னும். சலிப்பு அளவாலும் சுவையாலும் ஒன்றே. இத்தகைய இடங்களைப் பாடநூல்கள் எடுத்துக் காட்டினால் மாணவர் உளம் மகிழ்வர்.

இன்னுமோர் இடம் எமது சூழலுக்கு மிக அண்மையானது. ஹந்தானைச் சரிவிலும் கலஹா வழியிலும் உள்ள தோட்டங்களிலிருந்து வரும் மாணவர் முதல் நாளில் தம்மை அறிமுகஞ் செய்யும்போது 'மை மதர் இஸ் வேர்க்கிங் இன் அன் எஸ்ரேற்' என்பர். தமிழில் 'அம்மா தோட்டத்தில் வேலை செய்கிறார்' என்னும் தொடருக்கு இது பிழையற்ற பெயர்ப்பாகவே அவர்களுக்குத் தோன்றும். ஆங்கிலத்திலோ, தொழிலையும் நிலைத்த வாழ்வையும் குறிக்கச் சாதாரண நிகழ்காலம் உரியது. தொடர்நிகழ்காலம் தற்காலிகத்தின் சாயலை ஏற்றிவிடும். இப்போதைக்கு அங்கே வேலை செய்கிறார், வேறிடம் போகக்கூடும் என்பது தொனி. 1823இல் தொடங்கியதாகக் கொள்ளப்பட்டு 2023இல் இருநூறாண்டு நினைவுகூரப்பட்ட வாழ்வு அது. அம்மக்களைத் தற்காலிகமாக வந்தோராகக் கருதிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் விளைத்த துயரைத் தீர்க்க, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் தாண்டி 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்ல வேண்டியிருந்தது. ஒரு வினையீற்றுக்கும் இவ்வரலாற்றுக்கும் தொடர்பு கற்பித்தல் மிகையே. ஆயினும் தன் தாயின் வாழ்நாள் உழைப்பை எந்த வடிவத்திற் கூறுகிறோம் என்பதை அம்மாணவி அறிந்து தேர்ந்துகொள்ளும் உரிமையை எந்தச் சமன்பாடும் அவளுக்குத் தருவதில்லை.

ஆங்கிலத் தொடர்காலங்கள் என்றும் மாறாத விதிகளோடு பிறந்தவை என்னும் மயக்கமும் எம்மிடையே உண்டு. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஹாம்லெற் என்ன வாசிக்கிறான் என்று பொலோனியஸ் வினவுமிடத்தில் வருவது சாதாரண நிகழ்காலம். இன்றைய ஆங்கிலேயர் அங்கே தொடர்காலத்தையே ஆள்வர். அதாவது ஷேக்ஸ்பியரின் காலத்து ஆங்கிலம் இவ்விடயத்தில் 'என்ன செய்கிறாய்?' என்னும் எமது தமிழுக்கு நெருங்கியதாக இருந்தது. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்னும் பொருளில் 'இஸ் பீயிங் பில்ற்' என்னும் வடிவம் 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே எழுத்தில் தலைகாட்டுகின்றது. அதற்கு முன்னர் 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினர். கண்டி 1815இல் பிரித்தானியர் கைப்பட்டபோது புதிய வடிவம் இன்னும் இளையது. ஆளுநர் எட்வேட் பார்ன்ஸ் 1820களில் கொழும்பிலிருந்து கண்டிக்குத் தெரு அமைத்த வேளையில், அத்தெரு அமைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை இரு வடிவங்களில் எதனாலும் எழுதியிருக்கலாம். பழமை விரும்பிகளோ புதிய வடிவத்தை அருவருத்தனர். அமெரிக்கரான றிச்சட் கிறான்ற் வைற், 1870இல் வெளியிட்ட நூலில் அதனைக் கண்டிப்பதற்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். அவர் கண்டித்த வடிவத்தை இன்று பிழையின்றி எழுதத் தெரியாதவரே சிரிப்புக்கு இலக்காகின்றனர். வாளின் கூர் எப்பக்கம் என்பதும் காலத்தைப் பொறுத்தது போலும்.

தமிழ் வினையின் வரலாறும் இதற்குக் குறைந்ததன்று. தொல்காப்பியம் காலம் மூன்றெனக் கொண்டபோதும், இன்று நாம் நிகழ்காலத்துக்குரியதாகக் கொள்ளும் 'கின்று' சங்க நூல்களில் மிக அரிது. பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் நன்னூல், நிகழ்கால இடைநிலைகளாகக் கிறு, கின்று என்பவற்றோடு 'ஆநின்று' என்பதையும் கூறுகின்றது. உண்ணாநின்றான், வாராநின்றான் என்னும் வடிவங்கள் உரையாசிரியர்களின் நடையிற் பயின்று வருவன. அவற்றுள்ளே 'நில்' என்னும் வினை வெளிப்படையாகத் தெரிகின்றது. செயலில் நிற்றல், செயல் நிகழ்தலாகக் கொள்ளப்பட்டது.

இவ்வடிவம் எழுத்தில் வழக்கொழிந்து நெடுநாளாயிற்று. ஆனால் யாழ்ப்பாணப் பேச்சைச் செவிமடுப்போர் 'அப்பா தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சுக்கொண்டு நிக்கிறார்', 'அம்மா சமைச்சுக்கொண்டு நிக்கிறா' என்னும் தொடர்களை நாள்தோறும் கேட்கலாம். ஆநின்று என்பதன் நேர்வழித் தோன்றல் இது என்று கூற யாம் துணியோம். ஆயினும் அதே 'நில்' அதே வேலைக்கு மீண்டும் அழைக்கப்பட்டுள்ளது என்பது வெளிப்படை. ஒரு வேறுபாடும் உண்டு. நன்னூல் விதிப்படி உறங்காநின்றான் என்பது வழுவன்று. அங்கே 'நில்' தன் பொருளை முற்றாக இழந்து உருபாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலோ உறங்குபவனை எவரும் 'நித்திரை கொண்டுகொண்டு நிக்கிறான்' என்னார். கால்கள் இன்னும் நிலத்தில் உள்ளன. மலையகத்தில் 'கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கா' என்பது வழக்கு. அங்கு 'நில்' வாராது. கண்டிச் சந்தையிற் கேட்கும் சிங்களத்தில் வினையை இரட்டித்து 'கிய கியா இன்னவா' என்பர். எழுத்துச் சிங்களத்தில் 'யமின் சிட்டியி' என வரும். அச்'சிட்டி'யும் நிற்றற் பொருளில் வேர்கொண்டது. ஸ்பானிய மொழியின் தொடர்வினையில் வரும் 'எஸ்தார்' இலத்தீனில் நிற்றலைக் குறித்த சொல்லின் வழித்தோன்றல். ஆங்கிலம் மட்டும் இவ்விடத்தில் நிற்கவுமில்லை, கொள்ளவுமில்லை. வெறுமனே 'பீ' என்னும் இருத்தல் வினையோடு அமைகின்றது.

மரபிலக்கணம் கற்பிக்கும்போது 'எழுதிக்கொண்டிருந்தான்' என்பதை வினையெச்சம், முற்று எனப் பகுத்துவிட்டு அப்பாற் செல்வது எமது வழக்கம். இக்காலத் தமிழின் துணைவினைகளை அவற்றின் பொருளோடு ஆராயும் முயற்சிகள் பிற்காலத்தவை. இ. அண்ணாமலையின் ஆய்வு 1985இல் வெளிவந்தது. இங்கே பேராதனையிற் பேராசிரியராக விளங்கிய எம். ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' 1999இல் வெளிவந்தது. இந்நூல்களின் பயன் ஆங்கில வகுப்பறைக்குள் இன்னும் போதிய அளவு புகவில்லை. ஆங்கிலம் கற்பிப்போர் தமிழிலக்கணம் தமக்குப் புறம்பானது என்றும், தமிழ் கற்பிப்போர் ஆங்கிலம் தமக்குப் புறம்பானது என்றும் கருதுவதே இதற்குக் காரணம். நடுவே நிற்பவன் மாணவன்.

சமன்பாடு தமிழுக்குச் செய்யும் ஊறு இதுவரை விரிவாகப் பேசப்படவில்லை. ஆங்கிலத்திலிருந்து விரைந்து பெயர்க்கப்படும் செய்திகளிலும், அவற்றைப் பின்பற்றி எழுதும் எமது கட்டுரைகளிலும் 'கொண்டிரு' களைபோல் மண்டியுள்ளது. 'விலை உயர்ந்துகொண்டிருக்கிறது' என்பது தகும், உயர்வு படிப்படியானது. 'அரசு ஆலோசித்துக்கொண்டிருக்கிறது' என்பதையும் பொறுக்கலாம். 'அமைச்சர் நாளை கண்டிக்கு வந்துகொண்டிருக்கிறார்' என்பதை எவ்வாறு பொறுப்பது? இலக்கியக் கட்டுரைகளில் 'கவிஞர் இங்கே கூறிக்கொண்டிருப்பது யாதெனில்' என்று எழுதுகின்றோம். கவிஞர் ஒருமுறை கூறினார். அவரை ஏன் ஓயாது கூறவைக்க வேண்டும்? 'கூறுவது யாதெனில்' என்றால் குறை யாது? வாக்கியம் நீள்வதாற் கனம் கூடும் என்ற எண்ணம் எம்மவரிடம் வேரூன்றிவிட்டது. இதனால் 'அணிந்திருக்கிறான்', 'அணிந்துகொண்டிருக்கிறான்' என்பவற்றிடையே தமிழ் காத்துவந்த நுண்ணிய வேறுபாடு மழுங்குகின்றது. அவ்வேறுபாட்டை ஆங்கிலம் இரு வேறு வினைச்சொற்களைக் கொண்டே காட்ட வேண்டியிருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

முதலாண்டு ஆங்கில வகுப்பில் யாழ்ப்பாணத்தாரும், மலையகத்தாரும், மட்டக்களப்பாரும், அக்குறணை முஸ்லிம் மாணவரும் ஒருங்கே அமர்கின்றனர். சிங்கள நண்பரும் உடனிருப்பதுண்டு. கரும்பலகையில் இரு கோடுகளை இடுவதற்கு முன்னர், ஒரே படத்தைக் காட்டி அவரவர் வீட்டில் அதனை எவ்வாறு கூறுவர் என்று கேட்டெழுதலாம். ஒருத்தி சேலை உடுத்துகிறாள். அடுத்த படத்தில் உடுத்து முடித்து வாசலில் நிற்கிறாள். முதற் படத்துக்கு எத்தனை வடிவங்கள் வரும், இரண்டாவதற்கு எத்தனை வரும், அவற்றுள் எவை ஒன்றையொன்று இடம்மாற்ற இயலாதன என்பதை மாணவரே கண்டு கூறுவர். அதன் பின்னர் ஆங்கில வினையை எழுதிக் காட்டுக. இதற்கு ஒரு மணிநேரம் போதும். புதிய பாடநூலும் வேண்டியதில்லை.